ஸ்பைக் எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: சார், வீட்டிலேயே நான்கு ரெயில் (வோல்டேஜ் வெளியீடு) உள்ள ஒரு லீனியர் பவர் சப்ளை செய்திருக்கிறேன். 15-0-15 டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 7812, 7912 ரெகுலேட்டர்கள் வழியாக +12, −12. தனி 9 வோல்ட் சுற்றிலிருந்து 7805 வழியாக +5. இன்னொரு 18 வோல்ட் சுற்றிலிருந்து டிஎல்081 ஆப்-ஆம்ப், பிடி139, 2என்3055 டிரான்சிஸ்டர்கள் வைத்து 0 முதல் 15 வோல்ட் வரை மாற்றக்கூடிய ரெயில். ஆப்-ஆம்ப்பின் மைனஸ் சப்ளைக் காலுக்கு −12 ரெயிலிலிருந்து ஒரு ரெசிஸ்டரும் 5.1 வோல்ட் ஜீனரும் போட்டு −5 எடுத்திருக்கிறேன். எல்லா ரெயிலிலும் ஸ்பைக் (திடீர் வோல்டேஜ் துள்ளல்) வருகிறது. ஆஸிலோஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரிகிறது, −12 ரெயில் மட்டும் தடித்த கோடாக இருக்கிறது. மாறும் ரெயிலில் பாட்டை (வோல்டேஜை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டரை) திருகும்போது சில சமயம் வோல்டேஜ் குதிக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தபோது அதே ரெயிலில் இரண்டு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் போய்விட்டன. 5 வோல்ட்டில் வைத்து அணைத்தால் மீட்டர் 20க்கு மேல் காட்டுகிறது, 15இல் வைத்து அணைத்தால் ஒன்றும் ஆவதில்லை. ஃபில்டருக்கு இருந்த 4700 மைக்ரோஃபாரடோடு இன்னொரு 10,000 சேர்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் கோளாறா? இன்னும் பெரிய கெப்பாசிட்டர் போடலாமா, இல்லை வேரிஸ்டர் போடலாமா?

பதில்:

வணக்கம் தம்பி. டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 5இல் வைத்தால் வருகிறது, 15இல் வைத்தால் வருவதில்லை என்ற அந்த ஒரு வரி. அதை நீங்கள் கவனித்து எழுதாமல் விட்டிருந்தால் நானும் பொதுவாக நாலு விஷயம் சொல்லி அனுப்பியிருப்பேன். இப்போது நீங்கள் அனுப்பிய சர்க்யூட் படத்தையும் அந்த வரியையும் சேர்த்துப் பார்க்கும்போது உங்கள் போர்டுகளைக் கொன்றது எது என்று என்னால் ஓரளவு உறுதியாகவே சொல்ல முடிகிறது.

அதற்கு முன் ஒன்று. நீங்கள் எல்லாவற்றையும் ஸ்பைக் என்ற ஒரே பெயரில் எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் என்று சொல்வது போலத்தான் இது, காரணம் வேறு வேறாக இருக்கும். உங்கள் சப்ளையில் குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை, அதனால்தான் ஒரே மருந்தாகக் கெப்பாசிட்டரை ஊற்றியும் பலன் இல்லாமல் போனது. எவ்வளவு உயரம் என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அணைக்கும்போதா, போடும்போதா, பாட்டைத் தொடும்போதா, இல்லை எப்போதுமேவா, எப்போதும் என்றால் மெயின்ஸ் துடிப்போடு சேர்ந்தா, சேராமலா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

போர்டைக் கொல்லும் கோளாறிலிருந்து தொடங்குகிறேன். அணைக்கும்போது வருவதை ஸ்பைக் என்று சொல்வதே சரியில்லை. சாதாரண மல்டிமீட்டர் ஒரு நொடிக்கு மூன்று நான்கு தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும், அதில் 20க்கு மேல் எண் தெரிந்தது என்றால் அந்த வோல்டேஜ் அங்கே நிஜமாகவே ஒரு நொடி, இரண்டு நொடி நின்றிருக்கிறது. உண்மையான ஸ்பைக் மீட்டரின் கண்ணில் படவே படாது. ஆக, உங்கள் போர்டுக்குப் போனது ஒரு கணத் துள்ளல் அல்ல. ஃபில்டர் கெப்பாசிட்டரில் இருந்த மொத்த வோல்டேஜும் 2என்3055 வழியாக நேராக இறங்கியிருக்கிறது.

ஏன் இறங்கியது? மெயின்ஸ் போனதும் எல்லா ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் தங்கள் தங்கள் லோடுக்கு ஏற்ற வேகத்தில் காலியாகத் தொடங்குகின்றன. −12 பக்கம் நீங்கள் போட்டிருப்பது 1000 மைக்ரோஃபாரட், அதில் 100 மில்லி ஆம்பியர் லோடு இருக்கிறது என்று படத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது நொடிக்கு 100 வோல்ட் வேகத்தில் இறங்கும். அதாவது 20 வோல்ட்டில் தொடங்கி 0.15 நொடியில் 5 வோல்ட்டுக்கு வந்துவிடும், அத்தோடு உங்கள் −5ம் போய்விடும். மாறும் ரெயிலின் பக்கமோ இப்போது 14,700 மைக்ரோஃபாரட், போர்டு எடுப்பது ஏதோ 30 மில்லி ஆம்பியர். அது நொடிக்கு 2 வோல்ட் வேகத்தில்தான் இறங்கும். கணக்கு ஒன்றும் பெரிதில்லை, கரண்டை ஃபாரடால் வகுத்தால் நொடிக்கு எத்தனை வோல்ட் என்று வந்துவிடும். ஆக, அணைத்த கால் நொடிக்குள் ஆப்-ஆம்ப்பின் மைனஸ் கால் கைவிடப்படுகிறது, பிளஸ் காலில் மட்டும் 27 வோல்ட் அசையாமல் நிற்கிறது.

இப்போது டிஎல்081இன் குணத்தைப் பார்க்க வேண்டும். அதன் உள்ளீட்டுக் கால்கள் மைனஸ் சப்ளைக்கு மேலே 3, 4 வோல்ட்டாவது தள்ளி இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அதற்கும் கீழே போனால் வெளியீடு தலைகீழாகத் திரும்பி மேலே போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குடும்பத்து ஐசிகளின் பழைய பழக்கம் இது. உங்கள் படத்தில் வெளியீட்டு வோல்டேஜ் பாதியாகப் பிரிந்து ஆப்-ஆம்ப்புக்கு வருகிறது. 5 வோல்ட்டில் வைத்தால் உள்ளீட்டுக் காலில் 2.5 வோல்ட். மைனஸ் சப்ளை பூஜ்யத்துக்கு வந்ததும் அது எல்லைக்குள் மாட்டிக்கொள்கிறது, ஆப்-ஆம்ப் புரண்டுவிடுகிறது, டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்துகொள்கிறது. 15இல் வைத்தால் உள்ளீட்டுக் காலில் 7.5 இருக்கிறது, அது எல்லைக்கு வெளியே பத்திரமாக இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை. நீங்கள் எழுதிய அந்த வரிக்கு இதுதான் பொருள். 10,000 சேர்த்ததும் ஏன் மோசமானது என்பதும் இதிலேயே இருக்கிறது. முன்பு மூன்று நொடியில் வடிந்துபோன வோல்டேஜ் இப்போது பத்து நொடிக்கு மேல் நின்று அடிக்கிறது.

நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், நீங்களே கோளாறை வரவழைத்துப் பாருங்கள். போர்டைக் கழற்றிவிட்டு வெளியீட்டில் ஒரு 1 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டரை மட்டும் லோடாகப் போடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, கெப்பாசிட்டர்கள் வடிந்த பிறகு, −12இலிருந்து ஜீனருக்கு வரும் ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் சால்டர் எடுத்துத் தூக்கி வையுங்கள். மறுபடி சுவிட்சைப் போட்டு 5 வோல்ட்டுக்கு வைத்துப் பாருங்கள். வெளியீடு நேராக 25 பக்கம் போய் அங்கேயே நின்றால் வழக்கு முடிந்தது. நான் வேலை செய்யும் பெஞ்சில் எந்தக் கோளாறையும் இப்படி விருப்பப்படி வரவைக்கவும் நிறுத்தவும் முடிந்த பிறகுதான் கண்டுபிடித்துவிட்டோம் என்றே சொல்லிக்கொள்வோம்.

வைத்தியம் ஒரு டிரான்சிஸ்டர்தான். ஒரு பிசி547 எடுத்து எமிட்டரை கிரவுண்டுக்கும் கலெக்டரை பிடி139இன் பேஸுக்கும் கொடுங்கள். பிசி547இன் பேஸிலிருந்து 27 வோல்ட்டுக்கு ஒரு 68 கிலோ ஓம், −5க்கு ஒரு 10 கிலோ ஓம். ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக்கும் பிடி139இன் பேஸுக்கும் நடுவில் 2.2 கிலோ ஓம் தொடராக இருக்க வேண்டும், உங்கள் படத்தில் நேராக இணைத்திருக்கிறீர்கள், அதை மாற்றிவிடுங்கள். −5 உயிரோடு இருக்கும்வரை பிசி547இன் பேஸ் மைனஸ் 1 வோல்ட் பக்கம் கிடக்கும், அதனால் அது உறங்கிக்கொண்டே இருக்கும். −5 சரிந்து −3.3 அளவுக்கு வந்ததும் விழித்துக்கொண்டு பிடி139இன் பேஸைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடும். ஆப்-ஆம்ப் அதற்கப்புறம் என்ன சொன்னாலும் 2என்3055 கேட்காது. சுவிட்சைப் போடும்போது −5 வருவதற்கு முன் 27 வந்துவிட்டாலும் இதே டிரான்சிஸ்டர் காவல் காக்கும், அது இன்னொரு லாபம்.

அந்த 10,000 கெப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள். 1 ஆம்பியருக்கு 4700 போட்டால் ரிப்பிள் (வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) சுமார் 2 வோல்ட் வரும், உங்கள் 18 வோல்ட் சுற்றுக்கு அது தாராளம். மீதியை ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும், அதற்குத்தானே அது இருக்கிறது. 4700க்குக் குறுக்கே 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு வையுங்கள், அணைத்த பிறகு தானாக வடிந்துவிடும்.

வேரிஸ்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த இடத்தில் அது உதவாது. வேரிஸ்டரும் டிவிஎஸ் டையோடும் மைக்ரோ நொடி, மில்லி நொடிக் கணக்கில் வரும் துள்ளலை விழுங்கத்தான் செய்யப்பட்டவை. 600 வாட் என்று எழுதியிருக்கும் டிவிஎஸ் அந்த 600 வாட்டைத் தாங்குவது 1 மில்லி நொடி போன்ற ஒரு துடிப்புக்குத்தான். பத்து நொடி நிற்கும் வோல்டேஜை அதன் மேல் விட்டால் அது சூடாகிச் செத்துவிடும். ரெகுலேட்டரே கெட்டுப்போகும் நாளுக்காக ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றால் +5 ரெயிலில் க்ரோபார் போடுங்கள். 5.6 வோல்ட் ஜீனர், ஒரு எஸ்சிஆர் (ஒருமுறை தட்டிவிட்டால் கடத்திக்கொண்டே இருக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்), அதற்கு முன்னால் ரெகுலேட்டருக்கு வரும் வழியில் ஒரு ஃபியூஸ். வோல்டேஜ் ஆறைத் தாண்டியதும் எஸ்சிஆர் குறுக்கே படுத்துக்கொள்ளும், ஃபியூஸ் போகும், போர்டு பிழைக்கும்.

சரி, அடுத்தது அந்த ஊசிகள். இதில் எனக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. ஓர் அளவீட்டுக் கருவியைச் சரிசெய்ய அனுப்பியிருந்தார்கள், 5 வோல்ட் ரெயிலில் 200 மில்லி வோல்ட் ஊசி என்று புகார். இரண்டு நாள் அதன் பின்னால் அலைந்தேன், டையோடுகளை மாற்றினேன், கெப்பாசிட்டர்களை மாற்றினேன், ஊசி கொஞ்சமும் அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஸ்கோப் புரோபின் முனையை அதன் சொந்த கிரவுண்ட் கிளிப் கடித்துக்கொண்டிருக்கும் அதே இடத்தில் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே புள்ளி, அங்கே பூஜ்யம்தான் வர வேண்டும். அப்போதும் அதே ஊசி, அதே உயரம். ரெயிலில் ஒன்றுமே இல்லை, புரோபின் கிரவுண்ட் வயர்தான் வளையமாக நின்று பக்கத்தில் இருந்த எதையோ வாங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஸ்பைக் என்று யார் சொன்னாலும் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்வேன்.

நீங்களும் செய்யுங்கள், அரை நிமிட வேலை. அந்த 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் வயருக்கு சுமார் 150 நானோஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும், புரோபின் பத்துப் பன்னிரண்டு பிகோஃபாரடோடு அது சேர்ந்தால் 100 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் தானே மணி அடிக்கத் தொடங்கிவிடும். வயரைக் கழற்றிவிட்டு புரோபோடு வந்த சின்ன ஸ்பிரிங்கை முனைக்குப் பக்கத்திலேயே மாட்டி, வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் நேராக வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் தொலைந்துபோயிருந்தால் கொஞ்சம் வெற்றுச் செம்புக் கம்பியை புரோபின் உலோக வளையத்தில் சுற்றி ஒரு காலாக நீட்டிக்கொள்ளலாம். ஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் எல்லை என்று ஒரு வசதி இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். அப்புறம், ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் மெயின்ஸ் எர்த்தோடு இணைந்தது. இரண்டு புரோப் மாட்டும்போது இரண்டு கிளிப்பும் ஒரே கிரவுண்டில்தான் இருக்க வேண்டும். ஒன்றை கிரவுண்டிலும் இன்னொன்றை −12இலும் மாட்டினால் ஸ்கோப் வழியாகவே ஷார்ட் ஆகிவிடும்.

இவ்வளவு செய்த பிறகும் எஞ்சி நிற்பதுதான் நிஜம். அதில் இரண்டு ஜாதி உண்டு, திரையில் பார்த்தாலே பிரித்துவிடலாம். ஸ்கோப்பின் டிரிக்கரை (அலையை எந்தக் கணத்தில் வரையத் தொடங்குவது என்ற அமைப்பை) லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள், மெயின்ஸோடு சம்பந்தப்பட்டதெல்லாம் அசையாமல் நிற்கும். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 தடவை, 60 என்றால் 120 தடவை வரும்.

ஒன்று, ஒன்றிரண்டு மில்லி நொடி அகலமாக, சின்ன மேடு போல இருக்கும். இது கிரவுண்ட் வயரின் வேலை. 5 வோல்ட் ரெயிலில் அரை ஆம்பியர் லோடு என்றால் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள்) வழியாகக் கெப்பாசிட்டருக்கு அரை ஆம்பியர் சீராக ஓடுவதில்லை, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் உச்சி வரும் நேரத்தில் மட்டும் 4 ஆம்பியர் போலக் குபீரென்று பாயும். உங்கள் படத்தில் அந்தப் பாய்ச்சல் திரும்பிப் போகும் மெல்லிய வயரிலேயே நடுவில் ஓரிடத்தில் 7805இன் கிரவுண்டையும் வெளியீட்டு டெர்மினலையும் ஒட்டியிருக்கிறீர்கள். பத்து சென்டிமீட்டர் மெல்லிய வயருக்கு 8 மில்லி ஓம் என்று வைத்தாலும் 30 மில்லி வோல்ட்டுக்கு மேல் அங்கேயே விழுந்துவிடுகிறது. ரெகுலேட்டர் எவ்வளவு நல்லதானாலும் அது காலுக்கடியில் இருக்கும் தரையே ஆடினால் அதனால் என்ன செய்ய முடியும்? டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் பிரிட்ஜிலிருந்தும் வரும் வயர்கள் நேராகப் பெரிய கெப்பாசிட்டரின் கால்களில் முடியட்டும். அதே கால்களிலிருந்து தனியாகப் புறப்படும் வயர்தான் ரெகுலேட்டருக்குப் போக வேண்டும். நான்கு ரெயிலின் கிரவுண்டும் வெளியீட்டுப் பக்கம் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சந்திக்கட்டும். உங்கள் போர்டில் இதற்கு மூன்று வயரை மாற்றினால் போதும் என்று தோன்றுகிறது.

இன்னொன்று, மைக்ரோ நொடி அகலத்தில் நிஜமான ஊசி, பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு கொத்து அலையாக எழுந்து அடங்கும். டையோடு கடத்துவதை நிறுத்தும் அந்தக் கணத்தில் கொஞ்சம் கரண்ட் பின்னோக்கியும் ஓடிவிட்டு வெடுக்கென்று நிற்கும், அப்போது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றில் இருக்கும் கசிவு இண்டக்டன்ஸ் தட்டிவிட்ட மணி போல அதிரும். ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் பாய்ச்சல் இன்னும் குறுகி இன்னும் உயரமாகும், வெட்டும் வேகமும் கூடும், அதனால் இதுவும் மோசமாகத்தான் ஆகும். டையோடுக்கு ஒரு 10 நானோஃபாரட் குறுக்கே போடச் சொல்வார்கள். அது அதிர்வின் வேகத்தைக் குறைக்குமே தவிர அடக்காது, அடக்க ரெசிஸ்டர் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு 10 நானோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், அதற்கு இணையாக 150 நானோஃபாரடும் ஒரு ரெசிஸ்டரும் தொடராக. ரெசிஸ்டரை 100 ஓமில் தொடங்கி, ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே கூட்டிக் குறைத்து, அலை ஒரே எழுச்சியில் அடங்கும் மதிப்பில் நிறுத்திக்கொள்ளுங்கள். இப்படிப் பின்னோக்கிக் கரண்ட் விடாத ஷாட்கி வகை டையோடு போடலாம் என்று நினைத்தால் 15-0-15 பக்கம் கவனம். அந்த பிரிட்ஜில் ஒவ்வொரு டையோடும் முழு 30 வோல்ட் சுற்றின் உச்சியைத் தாங்க வேண்டும், லோடு இல்லாதபோது அது 50 வோல்ட்டைத் தொடும். அலமாரியில் இருக்கும் 40 வோல்ட் ஷாட்கி அங்கே நிற்காது, 100 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

தடித்த கோடாகத் தெரியும் −12 ரெயிலுக்கு மெயின்ஸோடு சம்பந்தமே இல்லை என்று நினைக்கிறேன். லைன் டிரிக்கரில் வைத்தால் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 7812க்குப் போட்டது போலவே 7912க்கும் வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை மட்டும் போட்டிருக்கிறீர்கள். 7812 அதோடு சமாளித்துக்கொள்ளும், வெளியீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது நிலைகுலையாது. 79 வரிசையின் உள்ளமைப்பு வேறு. அதற்கு வெளியீட்டில் 1 மைக்ரோஃபாரட் டாண்டலம், இல்லையென்றால் 25 மைக்ரோஃபாரட் அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் கட்டாயம். உள்ளீட்டிலும் 2.2 டாண்டலம் அல்லது அதே 25 அலுமினியம். கால்களை ஒட்டியே இருக்க வேண்டும், ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் வைத்ததற்குப் பயனில்லை. இல்லாவிட்டால் அது ரெகுலேட்டராக இல்லாமல் ஆஸிலேட்டராகிவிடும், நீங்கள் பார்க்கும் தடிமன் அதுதான். பிளஸ், மைனஸ் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். மைனஸ் ரெயிலில் கெப்பாசிட்டரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும், டாண்டலம் இதில் கொஞ்சமும் மன்னிக்காது.

7912இன் கால் வரிசையும் 7812 போல இல்லை. முதல் கால் கிரவுண்ட், நடுக் கால் உள்ளீடு, மூன்றாவது வெளியீடு. உலோக முதுகு நடுக் காலோடு இணைந்தது, அதாவது அங்கே −20 வோல்ட் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய போட்டோவில் மூன்று ரெகுலேட்டரும் ஒரே ஹீட்சிங்கில் இருக்கின்றன. 7912க்கு மைக்கா ஷீட்டும் ஸ்குரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டிருக்கிறீர்களா என்று மீட்டரை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள், போட்டோவில் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

+12க்கும் −12க்கும் வெளியீட்டில் கிரவுண்டுக்குத் தலா ஒரு 1என்4002, ரெயிலுக்கு எதிர்த் திசையில். இரண்டு ரெயிலுக்கும் நடுவில் லோடு இருக்கும்போது ஒன்று முந்திக்கொண்டால் மற்றதைப் பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துவிடும், சில சமயம் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இரண்டு டையோடில் தீர்ந்துவிடும்.

பாட்டின் குதிப்பு எளிது. வைப்பர் (பாட்டின் நகரும் முனை) தடத்தில் நகரும்போது ஒரு கணம் தொடர்பு விட்டுப்போகிறது, ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டுக் கால் அந்தரத்தில் தொங்குகிறது, அது எங்கே வேண்டுமானாலும் போகும். வைப்பரிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 470 கிலோ ஓம் போட்டுவிடுங்கள். 10 கிலோ ஓம் பாட்டுக்கு அது இருப்பதே தெரியாது, ஆனால் தொடர்பு விட்டால் வோல்டேஜ் மேலே போகாமல் கீழே விழும். பாட் பழையது என்றால் அதையும் மாற்றுங்கள். இனி எதை வடிவமைத்தாலும் இந்த ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வயர் அறுந்தால் வெளியீடு ஏறுமா, இறங்குமா? ஏறும் என்றால் படத்தை மாற்றுங்கள். வோல்டேஜைத் தேர்ந்தெடுக்க ரோட்டரி சுவிட்ச் வைப்பவர்களும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நடுவில் இரண்டுமே தொடாத அந்தக் கணத்தில் வெளியீடு உச்சிக்குப் போய்விடும்.

இவை எல்லாம் முடிந்த பிறகும் மெயின் சுவிட்சை அணைக்கும் கணத்தில் எல்லா ரெயிலிலும் ஒரே நேரத்தில் மெல்லிய துள்ளல் வந்தால் அது சுவிட்ச் முனைகளில் எழும் பொறியால் வருவது. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கு (மெயின்ஸ் பக்கச் சுற்றுக்கு) குறுக்கே 0.1 மைக்ரோஃபாரடும் 100 ஓமும் தொடராகப் போட்டால் அடங்கும். அந்தக் கெப்பாசிட்டர் எக்ஸ்2 (மெயின்ஸுக்கென்றே செய்த வகை) என்று அச்சிட்டதாக மட்டுமே இருக்க வேண்டும், மெயின்ஸில் வேறெதையும் போடாதீர்கள், வோல்டேஜ் அளவு எவ்வளவு அதிகமாக எழுதியிருந்தாலும் சரி. நீங்கள் கேட்ட வேரிஸ்டருக்கும் இதுதான் இடம், ஃபியூஸுக்குப் பின்னால், பிரைமரிக்குக் குறுக்கே. பிளக்கைப் பிடுங்காமல் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

பிசி547ஐப் போட்டு, 1 கிலோ ஓம் லோடோடு, ஸ்கோப்பை ஒற்றைத் தடவை டிரிக்கரில் 6 வோல்ட்டுக்கு வைத்து, கட்டத்துக்கு 50 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டு பத்து தடவை போட்டு அணைத்துப் பாருங்கள். 1, 3, 5 வோல்ட் மூன்றிலும் பாருங்கள். ஒரு தடவைகூட டிரிக்கர் ஆகவில்லை என்றால் மூன்றாவது போர்டை மாட்டலாம், அதுவரை வேண்டாம். அந்த 10,000 மைக்ரோஃபாரடைக் கழற்றும்போது முதலில் அதன் கால்களுக்குக் குறுக்கே ஒரு 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைப் பிளையரில் பிடித்து பத்து நொடி வைத்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்துவிட்டு அப்புறம் சால்டர் வையுங்கள்.